புள்ளிக்கோடு
(பங்காருபேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

‘எஞ்சினியரும் தர்மமும்’ என்று பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். தலைப்பைப் பார்த்தால் உபந்யாசம் போல இருக்கிறது. அதற்கான யோக்யதை எனக்குக் கிடையாது. சுரங்கங்களில் சர்வேயராகக் காலம் தள்ளியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் இந்த ஊர்க்காரன்தான். இது பவுரிங்பேட்டையாக இருந்த காலம் என் தகப்பனாருக்குத் தெரியும். காலை ரயிலில் மாரிக்குப்பம் லைனில் போய், தங்கச் சுரங்கத்தில் சர்வே ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வருவார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் மேலே உள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்று பெயர். 1952-லும் 1962-லும் வந்தவை மிகப் பெரியவை. மேலே வீடுகளில் பாத்திரம் அதிரும். சுரங்க லைன்களில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

பூமிக்கு அடியில் எங்கே குடைந்திருக்கிறது, எங்கே விட்டுவைத்திருக்கிறது என்பதற்கு ஒரே ஆதாரம் சர்வேயரின் வரைபடம். அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தானே இறங்கி அளந்த இடத்தை முழுக்கோடாகப் போடுவார். தண்ணீர் நின்றோ, இடிந்தோ, போக முடியாத இடம் என்றால் புள்ளிக்கோடு. பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை. எத்தனை பெரிய அதிகாரி சொன்னாலும் அந்தப் புள்ளிகளை அவர் சேர்த்ததில்லை.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஆடிட்டருக்கு 1949-ம் வருஷச் சட்டம், ஆர்க்கிடெக்டுக்கு 1972-ம் வருஷச் சட்டம். எஞ்சினியர்கள் எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு சட்டம் நம் தேசத்தில் வரவில்லை; வரைவு மசோதாக்கள் வந்து வந்து போகின்றன. இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் 1935-ல் ராயல் சார்ட்டர் பெற்றது. அது தரும் பட்டம் கௌரவமானது, ஆனால் அது இல்லாமலும் பாலம் கட்டலாம்.

சுரங்கம் விதிவிலக்கு. நான் வேலைக்குப் போனபோது 1952-ம் வருஷச் சுரங்கச் சட்டமும் 1961-ம் வருஷ உலோகச் சுரங்க விதிகளும் இருந்தன. மேனேஜரிலிருந்து சர்வேயர், ஃபோர்மன், மேட், வெடி வைக்கும் பிளாஸ்டர் வரை பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கவேண்டும். தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் கீழ் அது நடக்கும். தப்பு செய்தால் விசாரித்துச் சான்றிதழைப் பிடுங்கவும் முடியும். நான் அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்த அன்று அப்பா பாயசம் வைக்கச் சொன்னார்.

இனி சொல்லப்போவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. 1975-ம் வருஷம், வடக்கே ஒரு சுரங்கம். பெயர் வேண்டாம். எங்கள் வேலை நடந்த பக்கத்துக்கு எதிரே, கைவிட்ட பழைய குடைவு ஒன்று தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதன் முனையை நான் அளக்கவில்லை; புள்ளிக்கோடு போட்டிருந்தேன். “இன்ஸ்பெக்டர் வருகிறார். புள்ளியைப் பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்பார். பழைய படத்தில்தான் தெளிவாக இருக்கிறதே, முழுசாகப் போட்டுவிடு” என்றார் மேலதிகாரி. அந்தப் பழைய படத்தின்படி நடுவில் 72 மீட்டர் பாறை. தேங்கிய தண்ணீரை 60 மீட்டருக்குள் நெருங்கினால் முன் அனுமதி வேண்டும், முன்னால் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். 72 என்றால் அதெல்லாம் வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயசு. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்த சமயம். புள்ளிகளைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், போனார்.

அதே வருஷம் டிசம்பர் 27-ம் தேதி சாஸ்நாலாவில், பழைய குடைவில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 375 பேர் போனார்கள். ரேடியோவில் செய்தி கேட்ட ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்று, அந்தக் கோட்டை நான் அளக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். திட்டினார், ஆனால் மறுக்கவில்லை. பம்ப் வைத்து இறைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. சங்கிலி பிடித்து நானே அளந்தேன். பழைய முனை படத்தில் இருந்ததைவிட 14 மீட்டர் முன்னால் வந்திருந்தது. அதாவது நடுவில் இருந்தது 58. அந்தப் பக்கம் ஷிஃப்டுக்கு முப்பது பேர், என் கையெழுத்தை நம்பி ஏழு மாசம் வேலை செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இன்றுவரை விஷயம் தெரியாது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் என் மாப்பிள்ளை. ஜியாலஜி படித்தவர், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறார். அங்கே எஞ்சினியரும் ஜியாலஜிஸ்டும் மாகாணச் சங்கத்தில் பதிவு பெறவேண்டும்; அதற்குச் சட்டமும் தொழில் தர்மமும் பற்றித் தனிப் பரீட்சை. “மாமா, பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாச்சு. இப்போ போய் யோக்யனா இருக்கறது எப்படின்னு பரீட்சையா?” என்று போனில் அலுத்துக்கொண்டார். “எழுதுங்கோ மாப்பிள்ளை” என்றேன். பிறகு அவருக்கு மவுண்ட் பாலி கதையைச் சொன்னேன். அவர் ஊர்க் கதையை நான் சொல்லவேண்டியிருந்தது!

நம் கே.ஜி.எஃப்.பில் சயனைடு மேடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகும் காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. மவுண்ட் பாலி சுரங்கத்தில் அதே மாதிரிக் கழிவைத் தண்ணீரோடு சேர்த்து அணை கட்டித் தேக்கியிருந்தார்கள். 2014 ஆகஸ்ட் 4-ம் தேதி அணை உடைந்து கழிவும் தண்ணீரும் ஏரியில் கலந்தன. அடியில் பனியுகத்துக் களிமண் படிவம் ஒன்று இருந்ததை டிசைனில் கணக்கில் எடுக்கவில்லை என்று நிபுணர் குழு சொன்னது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அங்குள்ள சங்கம் விடவில்லை. மூன்று எஞ்சினியர்கள் மேல் நடவடிக்கை எடுத்து 2022-ல் பகிரங்கமாக வெளியிட்டது. அவர்களில் ஒருவர் மேல் இருந்த குற்றங்களில் ஒன்று, போதிய அனுபவம் இல்லாமல் அணைக்குப் பொறுப்பான எஞ்சினியர் என்ற இடத்தை ஏற்றுக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்கு என் இருபத்தாறு வயசுதான் ஞாபகம் வந்தது. என்னை விசாரிக்க யாரும் வரவில்லை.

மாப்பிள்ளைக்கு வருகிற மாசம் பரீட்சை. புஸ்தகம் வாங்கிவிட்டதாக என் பெண் சொன்னாள்.

அப்பாவின் ஃபீல்டு புக் ஒன்றைக் கொண்டுவந்து அந்த மேஜை மேல் வைத்திருக்கிறேன். நாற்பதாம் பக்கத்தில் புள்ளிக்கோடு இருக்கிறது. காபிக்குப் பிறகு பார்க்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கோ, காகிதம் நைந்துவிட்டது.