கைக்குள் அடங்கிய கண்காணிப்பு



1990-ல் டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா பிறந்த ஊர் இந்தத் திருவனந்தபுரம். இன்று பட்டம் பெறும் உங்களில் சிலருக்காவது, முகத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலியைக் காவல்துறைக்கு எழுதும் வேலை வந்து சேரும். கண்காணிப்பு ஒரு காலத்தில் செலவு பிடித்த காரியம். கம்பம், கேபிள், சர்வர் அறை, திரைமுன் உட்கார ஆள் என்று எல்லாம் வேண்டும். அந்தச் செலவே அதற்குக் கடிவாளமாகவும் இருந்தது. 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முக அடையாள மென்பொருள், ஒரு முகத்தின் அடையாளத்தை 128 பைட்டில் அடக்கிக் காட்டியது. ஒரு லட்சம் முகங்களுக்கு 13 எம்பி போதும். கல்யாண வீட்டு வாட்ஸ்அப் வீடியோ அதைவிடப் பெரியது. 2017-ல் வந்த மொபைல்நெட் போன்ற சிறு மாதிரிகள் சாதாரண போனிலேயே ஓடின. மறு ஆண்டே தெலங்கானா காவல்துறை தன் டிஎஸ்காப் செயலியில் முக அடையாளத்தைச் சேர்த்துவிட்டது. மென்பொருள் இலேசானதும் பழைய கடிவாளம் கழன்றுவிட்டது. புதியதை நிரலுக்குள்ளேயே கட்டியாக வேண்டும்; கட்ட வேண்டியவர்கள் நீங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 2009-ல் இங்குள்ள ஆற்றுகால் அம்மன் கோயில் விழாவில் பொங்கலிட 25 லட்சம் பெண்கள் திரண்டதாகக் கின்னஸ் பதிந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் பத்து லட்சம் முகங்களை மட்டும், தேடப்படும் ஆயிரம் பேரின் பட்டியலோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். லட்சம் ஒப்பீட்டுக்கு ஒரே ஒரு பிழை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பீடுகள் நூறு கோடி; பொய்யான எச்சரிக்கைகள் பத்தாயிரம். அடுப்பு மூட்டிப் பானை வைத்தவர்களில் எத்தனை பேரை எழுப்பி விசாரிப்பது? பிழை எல்லோருக்கும் சமமாகவும் விழுவதில்லை. முகம் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்களை 2018-ல் சோதித்த ஓர் ஆய்வில், கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெண்ணிற ஆண்களிடம் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆற்றுகால் அம்மனைக் கண்ணகி என்றே இந்த ஊர் கொண்டாடுகிறது. ஒரு சிலம்பு இன்னொன்றைப் போலிருந்ததால் விசாரணையின்றி கணவனைப் பறிகொடுத்தவள் அவள்.

கேரளத்தில் போக்குவரத்து விதிமீறலைப் பிடிக்கும் ஏஐ கேமராக்கள் நடைமுறையில் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்களின் அடிப்படையில் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்படத் தொடங்கியது உண்மை. அங்கே படத்தை ஓர் ஆள் பார்த்த பிறகே நோட்டீஸ் போகிறது; தவறிப்போனால் பணம்தான் பிரச்சினை. சாலையோரத்தில் போனை நீட்டும் காவலருக்குக் கிடைப்பது சில நொடிகள். எதிரே நிற்பவருக்குப் போவது சுதந்திரம். இன்னொரு ஆட்சேபம் கனமானது. முகம் மைய சர்வருக்கே போகாமல் போனிலேயே அழிந்துவிட்டால் தனியுரிமைக்கு நல்லதல்லவா? பாதி சரி. படம் வெளியே போகாதபோது, யார் யாரைத் தேடினார் என்ற தடயமும் வெளியே போவதில்லை. வழக்கில் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒருவர் தேடிப் பார்த்தாலும் மேலதிகாரிக்குத் தெரியாது. ஆகவே வழக்கு எண் இல்லாமல் தேடல் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு தேடலும் முந்தைய பதிவின் ஹாஷோடு (பதிவைத் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் குறியீட்டோடு) கோக்கப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் காவல் நிலையத்துக்கு வெளியே உள்ள ஒரு தணிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டும். போனில் உள்ள, தேடப்படுவோரின் பட்டியல் புதுப்பிக்கப்படாவிட்டால் மறுநாளே தானாகக் காலாவதியாக வேண்டும்.

கொள்கை முடிவு அரசுடையது, நிரல்தான் நம்முடையது என்பார்கள். முகம் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்தால் பொருத்தம் எனக் கொள்வதாக டெல்லி காவல்துறை 2022-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்தது. ஒருவரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் அந்த 80, மென்பொருளில் ஒரே ஒரு வரி. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்னார்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அறிவிக்கை ஒன்றால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரும் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, இந்தத் தேடல் பதிவேடு செயலியைக் கனமாக்குகிறது, எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அளந்து காட்டுங்கள். ஒரு தேடலின் பதிவுக்குச் சில நூறு பைட் ஆகும். லட்சம் முகங்களுக்கு இடமுள்ள போனில் அதற்கும் இடமிருக்கிறது.