சம்பளம் பெறும் வழக்கறிஞரும் மிகைநேர ஊதியமும்

(புனே நகரில் சட்ட மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



1924-ல் ஐ.எல்.எஸ். சட்டக் கல்லூரி தோன்றிய இந்நகரில் சட்டம் பயின்றோர் அனைவரும் நீதிமன்றம் செல்வதில்லை. பலர் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளில் மாதச் சம்பளத்திற்கு அமர்கின்றனர். இரவு பத்து மணி வரை ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் அவர்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டா?

இந்திய பார் கவுன்சிலின் 49-ஆவது விதிப்படி, வழக்கறிஞராகத் தொழில் நடத்துபவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருத்தல் கூடாது. ஆகவே, வேலையில் சேர்ந்தவர் ஊழியரே. ஆனால் அவர் தொழிலாளரா? கான்பூர் மியூர் ஆலையின் சட்ட உதவியாளர் தொடுத்த வழக்கில், உத்தரப் பிரதேசத் தொழில் தகராறுச் சட்டப்படி அவர் தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாய உழைப்புத் தரச் சட்டத்தின் கீழும் வழக்கறிஞருக்கு மிகைநேர ஊதிய உரிமை இல்லை.

மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் மிகைநேர உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம் விதிக்கிறது. எனினும் அந்தரங்க, நிர்வாக, மேற்பார்வைப் பொறுப்பினர் அதற்குப் புறம்பானவர்கள்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். எழுத்தர் வேலையைச் செய்பவருக்கு 'சட்ட மேலாளர்' என்று பெயர் சூட்டினால் அவர் உரிமை மறைந்துவிடாது. பதவியின் பெயரன்று, முதன்மையாகச் செய்யும் பணியே அளவுகோல் என்பது நீதிமன்றங்கள் வகுத்த நெறி. ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் பெயர்ப் பலகையோடு நிற்காமல், மேசைமேல் நடக்கும் வேலையையும் காண வேண்டும். நியமன ஆணையில் கையொப்பமிடுமுன் பணிநேர விதியைப் படியுங்கள். பிறர் உரிமைக்கு வாதாடப் பயின்ற நீங்கள், உங்கள் உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும்.