காணாக்கடியும் தைராய்டும்

தோலில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி அரிக்கும், சில மணி நேரத்தில் சுவடில்லாமல் மறையும், மறுநாள் வேறோர் இடத்தில் வரும். காணாக்கடி என்கிறோம். உடனே கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து ஒதுக்குவோம். ஆனால் ஆறு வாரம் தாண்டியும் தடிப்பு வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் சாப்பாட்டின் மேல் குற்றமில்லை.

இப்படி அவதிப்படுபவர்களில் பலருடைய ரத்தத்தில், சொந்தத் தைராய்டு சுரப்பியையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1983-இல் கனடா மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தச் சுரப்பியை உடலே தாக்கும் நோயை 1912-லேயே விவரித்தவர் ஜப்பானின் ஹாஷிமோட்டோ ஹகாரு. தைராய்டுப் புரதத்துக்கு எதிரான ஒருவகை எதிர்ப்பொருள், தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் ஒட்டி, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். எல்லாருக்கும் இது பொருந்தாது.

பெண்களுக்குக் காணாக்கடி, தைராய்டைத் தாக்கும் நோய் இரண்டுமே அதிகம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அளவு சரியாக இருந்தாலும் எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். ஆகவே, நாள்பட்ட காணாக்கடி என்றால் டிபிஓ என்ற தைராய்டுப் புரதத்தை எதிர்க்கும் எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தைராய்டு சுரப்பு சரியாக இருக்கும்போது, தடிப்புக்காகவே தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம். தூக்கக் கலக்கம் தராத வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைத் தினமும் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது. நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.