அகலம் ஒத்தால் வட்டம் ஆகுமா?



சாணை பிடித்த எஃகுத் தண்டு ஒன்றைத் தொழிலாளர் திருகு அளவியால் அளக்கின்றார். எப்பக்கம் திருப்பினும் 20 மில்லிமீட்டரே காட்டுகின்றது. ஆயினும், உரிய இடைவெளியோடு குடைந்த துளையில் அது நுழையாமல் இறுகுகின்றது. கரணியம் என்ன?

மையம் பிடியாது சாணையிடும் பொறியில், தண்டு இரண்டு உருளைகளுக்கிடையே ஒரு தாங்குதகட்டின்மேல் கிடந்து சுழல்கின்றது. அதன் மேடு, சுழற்சியை நெறிப்படுத்தும் உருளையில் அழுந்துங்கால், எதிர்ப்புறம் மிகுதியாய்த் தேய்கின்றது. ஒருபால் மேடு, எதிர்ப்பால் பள்ளம். அகலம் மாறுவதில்லை, வட்டமோ கெடுகின்றது! மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் புடைப்புகள் எழுகின்றன. மூன்று மூலையுடைய வடிவமும் எப்பக்கமும் ஒரே அகலம் கொண்டிருக்கலாம் என்பதைச் செருமானியப் பொறியறிஞர் பிரான்சு உரூலோ (1829–1905) விளக்கியுள்ளார்.

இக்குறையை எங்ஙனம் காண்பது? 60 பாகையில் பள்ளம் வெட்டிய கட்டையில் தண்டைக் கிடத்தி, மேலே முள்மானியை நிறுத்திச் சுழற்றுக. முப்புடைப்பை முள் மும்மடங்காக்கிக் காட்டும். ஐம்புடைப்பையோ அஃது அறவே காட்டாது! அதற்கு 90 பாகைப் பள்ளம் வேண்டும். அஃது இருமடங்காக்கிக் காட்டும். எல்லாப் புடைப்புகளையும் ஒருங்கே காண, வழுவாத அச்சில் சுழன்றளக்கும் கருவி வேண்டும். 1949-இல் இங்கிலாந்தின் இலெசுட்டர் நகரில் அத்தகைய கருவி உருவாக்கப்பெற்றது.

பெருமக்களே! தண்டு பொய்க்கவில்லை, தொழிலாளரும் பிழைக்கவில்லை. அளவிதான் வாய்மூடி இருந்தது. இறுகிய தண்டிற்காக அவரைக் கடியுமுன், அவர் கையிற் கொடுத்த அளவி எதனைக் காண வல்லது என வினவுக!