நிறுத்திய லாபம் எங்கே இருக்கிறது?

(சிறு சுரங்கக் கம்பெனிகளில் பங்கு வாங்குவது பற்றி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள் வீடுகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வந்திருப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தோட்டம் மூடி வேலை போனால், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு விதி. அப்படியானால் 30 ஆண்டு பால் வெட்டியவர் கைக்கு 600 நாள் சம்பளம் வருகிறது. பணம் வருமுன்னே அதைக் கேட்டு ஆள் வந்துவிடுகிறார். "சின்னச் சுரங்கக் கம்பெனிதான், ஆனால் நிறுத்திய லாபமே ஏழரை லட்சம் வெள்ளி இருக்கிறது. உங்கள் பணம் எங்கே போய்விடும்?" என்கிறார். எங்கே போகும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நிறுத்திய லாபம் என்றால் என்ன? ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2 லட்சம் வெள்ளி லாபம் காண்கிறது. அதில் 50 ஆயிரத்தைப் பங்குக்காரர்களுக்கு லாப ஈவாகக் கொடுத்துவிட்டு ஒன்றரை லட்சத்தை நிறுத்திக் கொள்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஐந்து ஆண்டில் அது ஏழரை லட்சம். ஐந்தொகையில் அந்தத் தொகை அழகாக நிற்கும். ஆனால் தோழர்களே, அது பெட்டியில் இருக்கும் ரொக்கம் அல்ல. ஐந்து லட்சத்துக்குப் பம்பும் மண் தோண்டும் இயந்திரமும் வாங்கியிருப்பார்கள். இரண்டு லட்சம் புதிய நிலத்துக்குப் போயிருக்கும். பாங்கில் இருப்பது 50 ஆயிரம் மட்டுமே. நிறுத்திய லாபம் என்பது இதுவரை எவ்வளவு நிறுத்தினோம் என்று சொல்லும் வரலாறு. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

இன்னொன்றையும் கூற விரும்புகிறோம். இதைப் பால் வெட்டுகிறவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரத்தில் வெட்டிய பட்டை மீண்டும் வளர்கிறது. ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும், நாளைக்கு மரம் கெடும். சுரங்கத்திலோ தோண்டிய ஈயம் மீண்டும் முளைப்பதே இல்லை. ஆகவே சுரங்கத்தின் வரவில் ஒரு பகுதி உண்மையில் லாபம் அன்று. விற்றுத் தீர்த்த நிலத்தின் விலை. நிலத்துக்கும் சுரங்கம் திறப்பதற்கும் செலவிட்ட தொகையை ஆண்டுதோறும் கணக்கில் கழிக்காத கம்பெனியின் லாபம், ஆழமாக வெட்டிய மரத்தின் பாலைப் போன்றது.

நம் சிலாங்கூரே இதற்குச் சாட்சி. 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே 87 பேர் ஈயம் தேடி அம்பாங் பக்கம் போனார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சலுக்குத் தப்பியவர் 18 பேர்தான். அப்படிப் பிறந்த ஈயத் தொழில்தான் கோலாலம்பூரை உண்டாக்கிற்று. அந்தத் தொழிலே 1985 அக்டோபரில் பேரடி வாங்கிற்று. விலையைத் தாங்கி நின்ற அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தது. விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது; நம் நாட்டில் நூற்றுக்கணக்கான லம்பங்கள் மூடப்பட்டன. நாம் சொன்ன உதாரணக் கம்பெனிக்கு அப்படி ஒரு அடி விழுந்து, ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் இரண்டு ஆண்டு நட்டம் வந்தால், ஏழரை லட்சமும் கரைந்து மேலும் 50 ஆயிரம் திரண்ட நட்டமாகிவிடும்.

அதனால் லாபத்தை நிறுத்துவதே தவறு என்று சொல்ல வரவில்லை. நிறுத்தியதை எதில் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. சுங்கை வே 1974ஆம் ஆண்டில் ஒரு லட்சம் வெள்ளி மூலதனத்தில் தொடங்கிய சிறிய ஈயக் கம்பெனி. ஈயத்தோடு நின்றுவிடாமல் வேறு தொழில்களுக்குப் போனது. பழைய லம்ப நிலத்தில் இன்று சன்வே நகரம் நிற்கிறது. எத்தனையோ இடங்களில் எஞ்சியதோ தண்ணீர் தேங்கிய குழிதான்.

ஆகவே பங்கு வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று: ஐந்தாண்டுக் கணக்கில் நிறுத்திய லாபம் ஏறுகிறதா, இறங்குகிறதா? தொழிலில் ஏறியதா, நிலத்தை ஒருமுறை விற்றதால் ஏறியதா? இரண்டு: ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு? மூன்று: மண்ணுக்குள் இன்னும் எத்தனை ஆண்டுக்கு ஈயமோ பொன்னோ இருக்கிறது, அதை அளந்து சொன்னவர் யார்? நான்கு: லாப ஈவு எதிலிருந்து வருகிறது? 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஈவு லாபத்திலிருந்துதான் வர வேண்டும். கொடுத்த பின் 12 மாதத்துக்குள் வரும் கடன்களை அடைக்கவும் கம்பெனிக்குச் சக்தி இருக்க வேண்டும். புதுப் பங்குக்காரர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு ஈவு என்று கொடுப்பது ஏமாற்று.

இன்னும் மண்ணைச் சோதித்துக் கொண்டிருக்கும் புதுக் கம்பெனியில் திரண்ட நட்டம் இருப்பது இயல்பே. அதனாலேயே அது மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் அது தேடல், சேமிப்பு அன்று. 600 நாள் சம்பளத்தை அதில் வைக்கக் கூடாது.

கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கம்பெனிகள் ஆணையம் இதோ பக்கத்தில், கேஎல் சென்ட்ரலில்தான் இருக்கிறது. கட்டணம் கட்டினால் அங்கே தாக்கலான கணக்கின் பிரதி கிடைக்கும். சில தனியார் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. அப்படியானால் பங்கு விற்க வந்தவரிடமே கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

படிக்கத் தெரிந்த கிராணிமார் கணக்கைப் படித்துச் சொல்ல வேண்டும். பால் வெட்டுகிற தோழர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று சம்பாதித்த காசு இது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்காமல் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம்.