குதிரை இலாயத்தின் துப்புரவு

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவிலே இரு காட்சிகளை ஒரே நாளிற் காணலாம். வெட்டவெளியிலே கூட்டங் கூட்டமாக மேயும் மட்டக் குதிரைகள் ஒரு காட்சி. அவற்றிற்குக் கடிவாளமுமில்லை, கொட்டிலுமில்லை. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் குதிரை இலாயம் ஒன்றின் சிதைவு மற்றைய காட்சி. கூரை போய்விட்டது, கற்றூண்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. வெளியிலே திரியும் குதிரைக்கு எவரும் துப்புரவு செய்வதில்லை. செய்ய வேண்டிய தேவையுமில்லை. தூண்களுக்கிடையே கட்டுண்டு நின்ற குதிரைக்கோ நாடோறும் ஒருவன் வந்து சாணம் அள்ளியிருத்தல் வேண்டும். அவன் எத்தனை முறை வரவேண்டும் என்பதே இன்றைய பேச்சுக்குரிய பொருள்.

பொருள் அற்பமானதென்று நேயர் சிலர் எண்ணக்கூடும். குதிரையைப் பற்றிப் பேச வருவோர் அதன் வேகத்தைப் பேசுவர், அழகைப் பேசுவர், போர்க்களத்திலே அது காட்டிய வீரத்தைப் பேசுவர். அது நின்ற இடத்தைக் கூட்டியவனைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் குதிரையின் கால் கெடுவதும் மூச்சுக் கெடுவதும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தொடங்குகின்றன.

குதிரை இயல்பிலே நடக்கும் விலங்கு. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிப்பது. மேயும்போது சில அடிகளுக்கு ஒருமுறை இடம் பெயர்வது. ஒரே புல்வெளியிலே பல நாள் மேய விட்டால், சாணமிடும் பகுதியைத் தானே வேறாக ஒதுக்கி, அங்குள்ள புல்லைத் தொடாமல் விட்டுவிடும். அப்பகுதியிலே புல் நெடிதாக வளர்ந்து நிற்பதைக் கொண்டே இதனை அறியலாம். தன் கழிவை விட்டு விலகி நடக்கும் இந்தக் குணத்தை மனிதன் நான்கு சுவர்களால் தடுத்து விடுகின்றான். தடுத்த பின், குதிரை செய்துகொண்டிருந்த வேலையைத் தானே செய்வது அவன் கடனாகிவிடுகின்றது.

அந்த வேலையின் அளவு எவ்வளவு? குதிரையின் சாணத்தை இலத்தி என்பது தமிழ் வழக்கு. ஏறக்குறைய 450 கிலோகிராம் நிறையுள்ள குதிரையொன்று ஒரு நாளில் 14 கிலோகிராம் அளவு இலத்தியிடும். 9 லீற்றர் அளவு சிறுநீர் கழிக்கும். இவை ஒரே முறையில் வருவனவல்ல. இலத்தி மட்டுமே பகலிலும் இரவிலுமாக எட்டுப் பத்து முறை விழும். ஆக, நாளொன்றுக்கு 23 கிலோகிராம். இது 12 அடி நீளமும் 12 அடி அகலமுமுள்ள ஓர் அறைக்குள்ளே நிகழ்கின்றது. ஒரு வாரம் அள்ளாது விட்டால் 160 கிலோகிராமுக்கு மேற்பட்ட கழிவு அவ்வறையிலே சேரும். அதனுடன் நனைந்த வைக்கோலின் நிறை வேறு. அந்தச் சேற்றின்மேலேதான் குதிரை நிற்கவும் படுக்கவும் வேண்டும்.

இந்த வினாவுக்கு விடை கூறிய மிகப் பழைய ஆசிரியருள் ஒருவர் கிரேக்க நாட்டுச் செனோபன். சோக்கிரட்டீசின் மாணாக்கராயும், குதிரை வீரராயும், படைத் தலைவராயும் விளங்கிய இவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதிலே அவர் குதிரைக்காரனுக்கு இடும் கட்டளை தெளிவானது: இலத்தியையும் அழுக்கான கூளத்தையும் ஒவ்வொரு நாளும் அகற்றி, ஒரே இடத்திற் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதே அது. அவ்வாறு செய்வது வேலைக்காரனுக்கும் எளிது, குதிரைக்கும் நலம் என்று அவர் காரணமும் காட்டுகின்றார். நாடோறும் அள்ளுவதே அள்ளுபவனுக்கும் எளிது என்ற அந்த நுட்பத்தை, கையில் கவைக்கோல் பிடித்துப் பார்த்தவரே அறிவர். ஒரு நாட் கழிவை வாரியெடுக்கலாம். ஒரு வாரக் கழிவை வெட்டியே எடுக்க வேண்டும்.

செனோபன் அதனோடு நின்றாரில்லை. ஈரமும் வழுவழுப்புமான தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்றும், ஈரம் வடியுமாறு தரையைச் சரிவாக அமைத்து, குளம்பளவான கற்களை நெருக்கிப் பதிக்க வேண்டும் என்றும் எழுதினார். தலைவன் தன் குதிரையை அடிக்கடி காணத்தக்க இடத்தில் இலாயம் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. இந்தியாவிலே எழுந்த அருத்தசாத்திரமும் குதிரைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, ஒவ்வொரு குதிரைக்கும் உரிய இடத்திலே வழுவழுப்பான மரப்பலகை பரப்பி, இலத்தியும் சிறுநீரும் வெளியேற வழி வைக்குமாறு விதிக்கின்றது. கல்லா பலகையா என்பதில் இரு நூல்களுக்கும் கருத்து வேறு. கழிவு உள்ளே நிற்கலாகாது என்பதில் வேறுபாடில்லை.

பழைய ஆசிரியர்கள் அனுபவத்தாற் கண்டதற்கு இக்கால விஞ்ஞானம் காரணம் காட்டுகின்றது. குதிரையின் சிறுநீரிலே யூரியா என்னும் பொருள் உண்டு. இலத்தியிலும் கூளத்திலும் வாழும் பற்றீரியாக்கள் அந்த யூரியாவைச் சிதைத்து அமோனியா வாயுவாக மாற்றுகின்றன. இலாயத்தின் கதவைக் காலையிலே திறக்கும்போது மூக்கைத் தாக்கிக் கண்ணில் நீர் வரச் செய்வது இந்த வாயுவே. அது எழுவது தரையிலிருந்து. ஆகவே தரைக்கு அண்மையிலேயே அதன் செறிவு மிகுதி. கதவருகே நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கின்றது. படுத்திருக்கும் குட்டியின் மூக்கோ வைக்கோலோடு ஒட்டியிருக்கின்றது. மேலும், குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு; மனிதனைப்போல வாயால் மூச்செடுக்க அதனால் இயலாது. அமோனியா மூச்சுக் குழாயின் உட்புறத்தை உறுத்துவதால், தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் ஆற்றல் அங்கே குறைந்துவிடுகின்றது. பின்பு இருமல் வரும். ஓடும் குதிரைக்கு மூச்சுப் போதாமற் போகும்.

அடுத்தது குளம்பு. குளம்பின் அடிப்புறத்தை உயர்த்திப் பார்த்தால், குதிகாலிலிருந்து முன்னோக்கி ஒடுங்கிச் செல்லும் ஆப்பு வடிவான மென்பகுதி ஒன்று தோன்றும். அதன் இருமருங்கிலும் ஆழமான பள்ளங்கள் உண்டு. ஈரமான இலத்தி இப்பள்ளங்களிலே அடைந்து இறுகும். காற்றுப் புகாத அந்த இடத்திலே அழுகலை உண்டாக்கும் கிருமிகள் பெருகும். கறுத்த கசிவும், ஒருமுறை முகர்ந்தவர் மறவாத நாற்றமும் தோன்றும். ஆரம்பத்திலே குதிரை நொண்டாது. நோய் உள்ளே பரவி உணர்ச்சியுள்ள தசையைத் தொடும்போதுதான் நொண்டும். உரியவன் அப்போதுதான் வைத்தியரைத் தேடுவான். துப்புரவான இலாயத்திலும் சில குதிரைகளுக்கு இந்நோய் வருவதுண்டு. நடையின்மையும் குளம்பைத் தோண்டித் துடையாமையும் அதற்குத் துணைக் காரணங்கள். எனினும் ஈரக் கூளத்திலே நிற்கும் குதிரைக்கு மருந்திடுவது, ஒழுகும் கூரையின் கீழ் நின்று தலை துவட்டுவதை ஒக்கும்.

ஆகவே, நாளில் ஒருமுறை முழுமையான துப்புரவு கட்டாயம். அதற்குரிய நேரம் காலை. குதிரையை முதலில் வெளியே கொண்டுபோய்க் கட்ட வேண்டும். வைக்கோலை உதறும்போது எழும் தூசி குதிரையின் நுரையீரலுக்குப் பகை. அதனை உள்ளே நிறுத்திக்கொண்டு வேலை செய்வோர் நேரத்தை மிச்சப்படுத்தி நோயை வாங்குகின்றனர். கண்ணிற்படும் இலத்தி முழுவதையும் முதலில் அள்ள வேண்டும். பின்பு கவைக்கோலால் வைக்கோலைக் கிளறி, உலர்ந்ததைச் சுவரோரமாக ஒதுக்கி, நனைந்ததைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். பெரும்பாலான குதிரைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் சிறுநீர் கழிப்பதால், அந்த இடத்தைக் குதிரைக்காரன் விரைவில் அறிந்துகொள்வான். சிறுநீர் கலங்கலாயிருப்பதைக் கண்டு புதியவர் அஞ்சத் தேவையில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தே காரணம். அது குதிரைக்கு இயல்பு. தரையைத் தும்புத்தடியாற் கூட்டிக் காற்றாட விட்டு, அது உலர்ந்த பின்னரே ஒதுக்கிய வைக்கோலைப் பரப்பி, குறைந்த அளவுக்குப் புதியதைச் சேர்க்க வேண்டும். பழகிய கைக்கு அரை மணிநேரம் போதும். தரை உலருமுன் வைக்கோலைப் பரப்புவதே இவ்வேலையில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

காலை வேலையோடு நாள் முடிவதில்லை. தீனி வைக்கச் செல்லும் போதும் தண்ணீர் மாற்றச் செல்லும் போதும் ஒரு கடகத்தைக் கையிற் கொண்டு போய், விழுந்து கிடக்கும் இலத்தியை அள்ளிவிட வேண்டும். குதிரை அதனை மிதித்து வைக்கோலிற் கலக்குமுன் அள்ளினால் சில நிமிடங்களே ஆகும். கலந்தபின் அள்ளினால் நல்ல வைக்கோலும் கூடவே போகும். மாலையில் ஒருமுறை படுக்கையைச் சீர்செய்து விட வேண்டும். பகலெல்லாம் வெளியிலே மேய்ந்து இரவில் மட்டும் உள்ளே நிற்கும் குதிரைக்குக் காலைத் துப்புரவும் மாலைப் பார்வையும் போதும். நோயினாலோ காயத்தினாலோ இரவும் பகலும் உள்ளேயே நிற்கும் குதிரைக்கு நாளில் மூன்று நான்கு முறை அள்ளினாலும் மிகையன்று.

இதற்கு மாறாக ஆழ்கூள முறை ஒன்றுண்டு. கோழி வளர்ப்போர் இப்பெயரை அறிவர். நாடோறும் இலத்தியை மட்டும் அகற்றி, நனைந்த வைக்கோலின்மேல் புதிய வைக்கோலைப் போட்டுக்கொண்டே வருவதும், சில வாரங்கள் அல்லது மாதங்களின் பின் முழுவதையும் வெட்டியெடுப்பதும் அதன் வழி. குளிர் நாடுகளிலே படுக்கை வெதுவெதுப்பாயிருக்கும் என்பதற்காக இதனைக் கையாளுவோர் உளர். வைக்கோல் தாராளமாகக் கிடைத்து, காற்றோட்டமும் நன்றாயிருந்தால் இம்முறை தவறன்று. ஆனால் இலத்தியை நாடோறும் அள்ளுதல் இம்முறையிலும் உண்டு என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர். சோம்பலுக்கு ஆழ்கூளம் என்று பெயரிட்டழைப்பதனால் குளம்பு அழுகாதிருக்கப் போவதில்லை.

நுவரெலியாவைப் போன்ற இடத்திலே இம்முறை இன்னும் கடினமானது. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே, மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் அந்நகரில், 1875ஆம் ஆண்டு தொடக்கம் குதிரைப் பந்தயத் திடல் உண்டு. கிரகரி வாவிக் கரையிலே சுற்றுலா வருவோரை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகளும் உண்டு. அத்தகைய ஈரக் காற்றிலே வைக்கோல் தானாக உலருமென்று எதிர்பார்க்க முடியாது, பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வைக்கோல் அழுக்கு வைக்கோலிலும் தீயது. அதன் நுண்துகள்கள் குதிரைக்கு ஈளையை ஒத்த நோயை உண்டாக்கும். வைக்கோலுக்குப் பதிலாக மரச்சீவல் இடுவோர், அது எந்த மரத்தின் சீவல் என்று கேட்டறிய வேண்டும். அமெரிக்காவிலுள்ள கருவால்நட் மரத்தின் சீவலிலே நின்ற குதிரைகளுக்கு ஒரு நாளைக்குள்ளேயே கடுமையான குளம்பழற்சி கண்டிருக்கின்றது. இறப்பர் விரிப்பு இட்டாலும் துப்புரவின் தேவை குறையாது. விரிப்பின் கீழே ஈரம் தேங்குமாயின் அதனையும் தூக்கிக் கழுவ வேண்டும்.

அள்ளியதை எங்கே போடுவது? செனோபன் சொன்னவாறு ஒரே இடத்தில். ஆனால் இலாயத்திற்கும் கிணற்றிற்கும் தூரத்தில். வெப்பமான காலத்திலே வீட்டு ஈயின் முட்டை, பறக்கும் ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். எனவே மூலைகளிலே ஒரு வாரத்திற்கு மேல் எதுவும் தங்க விடலாகாது. குவியலைச் செறிவாக அடுக்கி மூடிவைத்தால் உள்ளே வெப்பம் ஏறி, புழுக்களும் முட்டைகளும் பெரும்பாலும் மடியும். சில மாதங்களில் மரக்கறித் தோட்டத்திற்கு நல்ல பசளையும் கிடைக்கும். குதிரையின் குடலிலே ஏற்புவலிக் கிருமி இயல்பாகவே இருப்பதனால், கையிலோ காலிலோ புண்ணுள்ளவர் இவ்வேலையிற் காப்பின்றி இறங்கலாகாது. ஏற்புவலித் தடுப்பூசி குதிரைக்கும் வேண்டும், குதிரைக்காரனுக்கும் வேண்டும்.

குதிரை வாங்குவதற்குச் செல்வம் போதும். வைத்திருப்பதற்கு அது போதாது. பழந்தமிழ் நாட்டிற்குக் குதிரைகள் கடல் வழியே வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக் கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகளேனும் எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பேணும் முறை அறியாமையே காரணம் என்பது அவர் கூற்று. குதிரை வைத்தியம் அறிந்தோர் அங்கே செல்லாதவாறு வணிகர் பார்த்துக்கொண்டனர் என்றும் குறிப்பிட்டார். பிரயாணிகளின் எண்ணிக்கைகளிலே மிகை கலப்பது வழக்கம். ஆயினும் இறந்தது குதிரை. இலாபம் பெற்றவன் அடுத்த கப்பலோடு வந்த வணிகன்.

இக்காலத்திலும் இலாயம் வைத்திருப்போர் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஞாயிறும் பெருநாளும் குதிரைக்காரனுக்கு விடுமுறையாகலாம். குதிரையின் குடலுக்கு விடுமுறையில்லை. அவன் ஊருக்குப் போகும் நாளிலே கவைக்கோலைப் பிடிப்பவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். வேறெவருமில்லையாயின் உரியவரே பிடிக்கலாம். அதனால் அவருடைய மதிப்புக் குறையாது.

இலாயம் துப்புரவாயுள்ளதா என்று அறிய விரும்பும் உரிமையாளர், கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போதல் ஆகாது. காலையில் முதலாவதாகக் கதவைத் திறந்ததும் உள்ளே சென்று, முழந்தாளிட்டு, படுத்திருக்கும் குட்டியின் மூக்கிருக்கும் உயரத்திற்குத் தம் முகத்தைத் தாழ்த்தி, இரண்டு முறை ஆழமாக மூச்செடுத்துப் பார்க்க வேண்டும். பின்பு படுக்கையின் நடுவிலே கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கண் கரித்தாலும் கை நனைந்தாலும் அன்றைய வேலையை அப்பொழுதே தொடங்க வேண்டியதுதான்.