வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் மருத்துவமே

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நான் அரசுப் பணியில் சேர்ந்த காலத்தில் இதைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டோம். இதற்காக உழைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே கணக்கெடுப்பு இன்னும் இரண்டு எண்களையும் தருகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் ஏறத்தாழ 48 விழுக்காடு. இந்த இரண்டும் வார்டில் முடிவாகும் காரியங்கள் அல்ல. அடுப்படியிலும், தூளிக்குப் பக்கத்திலும், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவிலும் முடிவாகின்றன. சுகப்பிரசவமானால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஒரு வாரம். அதோடு ஆஸ்பத்திரி கைகழுவிவிடுகிறது. கரு உண்டான நாளிலிருந்து பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். மிச்சமெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. அந்த வீட்டுக்குள் போகும் உரிமை நம் எல்லோரிலும் செவிலியருக்குத்தான் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருந்தபோது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தெற்கே ஒரு கரிசல் ஊர். பிறந்தபோது நல்ல எடையோடு இருந்த குழந்தை, மூன்று வாரமாகியும் பிறந்த எடையைக்கூட எட்டவில்லை. காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை. தாய்க்குத் தலைப்பிரசவம். கேட்டால் “பால் இல்லை” என்ற ஒரே பதில். எங்கள் கிராம சுகாதார செவிலியர், “வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம் டாக்டரம்மா” என்றார். நானும் கிளம்பினேன்.

ஊரில் எல்லோரும் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டை அடைந்ததும் அவர் பையைத் திறக்கவில்லை, பதிவேட்டை எடுக்கவில்லை. திண்ணையில் மாமியார் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் இரண்டு புளியை எடுத்து உடைக்கத் தொடங்கினார். “உங்களுக்கு எத்தனை பிரசவம்மா?” என்று கேட்டார். “ஏழு. நாலுதான் தங்குச்சு” என்றார் மாமியார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. மூன்றாவது பிள்ளை ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி தண்ணீரை அள்ளிக் குடித்ததால்தான் பிள்ளைக்குச் சளி கட்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் அன்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை முப்பது ஆண்டுகளாக மனதில் சுமந்தவர், இப்போது மருமகளுக்குக் காலையில் ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர் தண்ணீர், சுட்ட கருவாட்டோடு ஒரு பிடி சோறு என்று பத்தியம் வைத்திருந்தார். நர்சம்மா இன்னொன்றையும் பார்த்துவிட்டார். தூளிக்குக் கீழே துணியால் மூடிய கிண்ணம், அதில் சர்க்கரைத் தண்ணீர், பக்கத்தில் சங்கு. ராத்திரியில் பிள்ளை அழுதால் மருமகளை எழுப்பாமல் பாட்டியே சங்கில் புகட்டிவிடுவார். எவ்வளவு அன்பு அந்தக் காரியத்தில்! வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. பிள்ளை சப்பாவிட்டால் பால் ஊறாது. புறநோயாளிப் பிரிவில் எந்தப் பரிசோதனை அந்தச் சங்கைக் காட்டியிருக்கும்?

நர்சம்மா “மூடநம்பிக்கை” என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. “இந்தப் பிள்ளைய எப்படியாச்சும் தங்க வைக்கணும்னு உங்க அளவுக்கு யாரும் துடிக்கல. அதனால உங்ககிட்டதான் இந்த வேலையைக் குடுக்கப்போறேன்” என்றார். மருமகளுக்குச் சீரகம் போட்ட வெந்நீர் தாகத்துக்கெல்லாம் தரலாம், பத்தியத்துக்கு அது ஆகாததில்லை என்றார். ராத்திரியில் பிள்ளை அழுதால் தாயின் மடியில் கொண்டுபோய்ப் போடவேண்டியது பாட்டி. சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். பிள்ளைக்குப் பால் போதுகிறது என்றால், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது அது ஒன்றுக்குப் போகும். “ஒவ்வொரு தடவை துணி நனையும்போதும் இந்தச் சிரட்டையில ஒரு புளியங்கொட்டையப் போடுங்க. பொழுது விடிஞ்சதும் எண்ணுங்க. ஆறுக்குக் குறைஞ்சா எனக்கு ஆள் அனுப்புங்க.”

அடுத்த வாரம் போனபோது நாங்கள் கேட்பதற்கு முன்பே அந்த அம்மாள் சிரட்டையை நீட்டினார். எட்டுக் கொட்டைகள். உத்தரத்தில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு எடை பார்த்தோம். பிள்ளை பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை. இதை நான் உபசாரமாகச் சொல்லவில்லை: என் மருத்துவ வாழ்க்கையில் கண்ட மிகத் தேர்ந்த சிகிச்சைகளில் அது ஒன்று.

இது ஏதோ ஒரு ஊரில் நடந்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1986-இல் ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். காடும் வறுமையும் சூழ்ந்த பகுதி. ஆஸ்பத்திரிக்கு வா என்று சொன்னால் வர வழியில்லாத மக்கள். அங்கிருந்த மருத்துவச்சிகளுக்குப் பெரிய எண்கள் எண்ணத் தெரியாது. நிமோனியாவைக் கண்டுபிடிக்க மூச்சை எண்ணியாக வேண்டும். அதனால் ஒரு மணற்கடிகாரமும் மணிகள் கோத்த ஒரு சட்டமும் செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீரும்முன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் பிள்ளைக்கு நிமோனியா. பிறகு 39 கிராமங்களில், பள்ளியில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் மட்டும் படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பச்சிளங்குழந்தை இருக்கும் வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். எடை பார்ப்பது, பிள்ளையைக் கதகதப்பாகச் சுற்றி வைப்பது, தாய்ப்பாலுக்குத் துணை நிற்பது, நோய்த்தொற்று என்றால் மருந்து தொடங்குவது எல்லாம் வீட்டிலேயே. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்றிருந்தது, மூன்றாவது ஆண்டில் 25 அளவுக்கு இறங்கியது. 1999-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. நாடு முழுவதும் 2011-இல் வந்த வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்துக்கு இதுதான் வித்து. 3, 7, 14, 21, 28, 42 என்று வீட்டுக்குப் போகவேண்டியதாக நீங்கள் மனப்பாடம் செய்த நாட்கள் தேர்வுக்காக உண்டான எண்கள் அல்ல. அந்தக் காட்டுக் கிராமங்களின் பாடம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

என் மாணவப் பருவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். வைகைக் கரையோரக் குடியிருப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குடும்பத்தை ஒப்படைத்திருந்தார்கள். எங்கள் சமுதாய மருத்துவப் பேராசிரியர் நோயைப் பற்றிக் கேட்கவே மாட்டார். “அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு? தண்ணீர்க் குடத்துக்கு மூடி உண்டா? சின்னக் குழந்தை யார் பக்கத்தில் தூங்குது? குளிப்பாட்டினதும் சாம்பிராணிப் புகை காட்டுறாங்களா?” இப்படித்தான் கேள்விகள் இருக்கும். பதில் தெரியாதவர்களைப் பேருந்து ஏற்றித் திருப்பி அனுப்புவார். எனக்குக் கிடைத்த குடும்பத்தின் பாட்டி, நான் போகும்போதெல்லாம் ஒரு செம்பு கம்பங்கூழ் தருவார். சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டார். அந்தக் கூழ் இறங்குகிற நேரத்தில்தான் வீட்டின் உண்மைகள் என் காதில் விழும். தொக்கம் எடுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன கதையெல்லாம் எந்தப் படிவத்திலும் இடம்பெறாது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வு நடத்தினால் நான் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உட்கார்ந்து கேட்பதை வெட்டி நேரம் என்று நினைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987-இல் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. வீடுகளுக்குப் போகும் செவிலியர்களுக்குச் சிறிது பயிற்சி தந்து, மனச்சோர்வில் இருந்த தாய்மாரை வாரம் ஒருமுறை, எட்டு வாரம், உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். அறிவுரை முக்கியமில்லை, கேட்பதுதான் வேலை. அப்படிக் கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் தேறியவர்கள் 9 பேர். நம் ஊரில் புதுத் தாய் அழுதால் “திருஷ்டி”, “காத்து கருப்பு” என்கிறோம். அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

பிள்ளையோடு விளையாடச் சொல்லிக் கொடுப்பதும் நம் வேலைதான். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளோடு ஒரு ஆய்வு தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், சுகாதாரப் பணியாளர் போனார். காலி டப்பாவிலும் பாட்டில் மூடியிலும் பொம்மை செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இந்தப் பலன் நிலைக்கவில்லை. உணவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்துமாவு பாக்கெட்டைக் கதவில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள் என்கிறேன். அப்பாக்களையும் விட்டுவிடாதீர்கள். பட்டம் பெறும் மாணவர்களே, ஒரு ஆண் செவிலியர் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடிக் காட்டினால், ஓரமாக நிற்கும் தகப்பனும் வந்து உட்காருவான்.

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு ஓட்டையையும் நான் சொல்லியாக வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவாள். பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புவாள். அதுவரை அவளைப் பார்த்துவந்த செவிலியர் இங்கே இருப்பார், பிள்ளையும் தாயும் அங்கே இருப்பார்கள். மூன்றாம் நாள் வந்து நிற்கும் செவிலியருக்கு அவள் புதியவள். கர்ப்பப் பதிவு எண் அவள் பின்னாலேயே போகிறது, உண்மைதான். ரத்தசோகை இருந்தது என்று அந்தப் பதிவு சொல்லும். முதல் கரு கலைந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு செவிலியர் இன்னொரு செவிலியருக்குத் தொலைபேசியில் பேசவேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு. இதை ஆணையாகப் போடுங்கள் என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆணை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, வீடு தேடிப் போவதன் மதிப்பை நாடே பேசியது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து வீட்டுக்கு வருகிறது. நல்லது. ஆனால் கிராம சுகாதார செவிலியர் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கர்ப்பிணியின் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர். அவர் நேரத்தைத் தின்பது நடையல்ல, பதிவேடுகளும் செயலிகளும் தினசரி அறிக்கைகளும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதச் சொல்லாதீர்கள். மிச்சமாகும் நேரத்தை அவர் திண்ணையில் உட்காரத் தாருங்கள்.

மாணவர்களே, உங்களில் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், வளைகுடாவுக்கும், ஜெர்மனிக்கும் போவீர்கள். குடும்பம் கடன் வாங்கிப் படிக்கவைத்திருக்கிறது, போங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் சமுதாயச் செவிலியராகப் போவது மதிப்பெண் குறைந்தவர்களின் வேலை என்ற எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். அதற்குத் தேவையான கூர்மை வேறெந்த வார்டுக்கும் குறைந்ததல்ல. இந்த வகுப்பிலிருந்து பத்துப் பேராவது அந்தப் பணிக்கு விரும்பி விண்ணப்பியுங்கள். சேர்ந்தபின், மூன்றாம் நாள் பார்வையைத் தொலைபேசியில் விசாரித்து முடித்துவிடாதீர்கள். நேரில் போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள், முதலில் வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணோடு பேசுங்கள்.